முழுகாம இருக்கியா?

எங்கள் ஆச்சி வீட்டுப் புறவாசல் வேலியில் ஆடாதோடை நின்றது. யாரும் ஆசையாக நட்டு வளர்த்த செடி இல்லை. வேலிக்காக ஒடித்து ஊன்றிய கம்பு வேர் பிடித்துப் புதராகிவிட்டது. ஆடு கடிக்காது. மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். ஆடு தொடாத இலை என்பதே ஆடாதோடை ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். அத்தனை கசப்பு.

தென்காசிப் பக்கத்துக் கிராமம் அது. தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றினார்கள். மடியில் சொளகு, சொளகில் வெட்டிய இலை, தூள், நூல். விடியற்காலையில் விறகடுப்புப் புகை, பகலெல்லாம் புகையிலைத் தூள். பீடியை வாயில் வைத்தே பார்க்காத பெண்கள், நாள் முழுக்கப் பீடி குடித்தவர்களைப்போல இருமினார்கள். இருமல் நெஞ்சுக்குள் இறங்கி இரவில் மூச்சு இழுக்கத் தொடங்கினால் ஆச்சி வீட்டுப் புறவாசலுக்கு வருவார்கள்.

ஆச்சி ஐந்தாறு இலை பறிப்பாள். நடு நரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு நறுக்கி, ஒரு செம்புத் தண்ணீரில் போட்டுக் கால் செம்பாகச் சுண்டவைப்பாள். நாலு மிளகு, ஒரு துண்டு திப்பிலி, கடைசியில் பனங்கற்கண்டு. பனங்கற்கண்டு போட்டாலும் கசப்பு போகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தபடி அந்தப் பெண்கள் சிரிப்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் இலையைப் பறிக்குமுன் ஆச்சி ஒரு கேள்வி கேட்பாள். வந்தவள் பெண் என்றால், வயது பதினாலிலிருந்து நாற்பத்தைந்துக்குள் என்றால், குரலைத் தாழ்த்தி ஆனால் தவறாமல் கேட்பாள்.

"ஏட்டி, முழுகாமக் கிழுகாம இருக்கியா?"

மாதவிலக்கு நின்று தலை முழுகாமல் இருப்பவள் என்றால் கருவுற்றிருப்பவள். இல்லை என்று பதில் வந்தால் இலை பறிக்கப்படும். பதில் சொல்லத் தயங்கினால், தரையைப் பார்த்தால், ஆச்சி செடிப் பக்கமே போகமாட்டாள். பாலில் மிளகைத் தட்டிப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவாள். ஆண்களிடம் எதுவும் கேட்டதில்லை. அவர்களுக்கு நேராகக் கஷாயம்தான்.

ஊரில் யார் உண்டாகியிருக்கிறாள் என்று முதலில் தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் ஆச்சி அப்படிக் கேட்கிறாள் என்று சிறுமியாக இருந்தபோது நான் நினைத்துக்கொண்டேன். கிழவிகளின் ஊர்வம்பு. அவ்வளவுதான். முப்பது ஆண்டுகள் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அரசர்களையும் போர்களையும் விட்டுவிட்டு அன்றாடப் பொருள்களின் வரலாற்றை எழுதலாம் என்று தோன்றிய ஒரு விடுமுறையில் ஆடாதோடையை எடுத்துக்கொண்டேன். ஆச்சி நினைவுதான் காரணம். தேடத் தொடங்கியதும் கைநிறையக் கிடைத்தது. கிடைத்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

சித்த மருத்துவத்தில் பொருள்களின் குணம் சொல்லும் நூல் அகத்தியர் பெயரில் இருக்கிறது, குணவாகடம். ஆயுர்வேதத்தில் இந்தச் செடி வாசா, வாசகம். இருமல், இரைப்பு, சளியோடு இரத்தம் விழுதல் எல்லாவற்றுக்கும் இதைச் சொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் பாவமிஸ்ரர் தொகுத்த பாவப்பிரகாசம் இதற்குத் தரும் பெயர்களில் ஒன்று பிஷங்மாதா. வைத்தியனின் தாய் என்று பொருள். இந்தச் செடி கையில் இருந்தால் வைத்தியன் பிழைத்துக்கொள்வான் என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். வைத்தியர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. தாய்க்குச் செடியின் உருவம்தான் கிடைத்திருக்கிறது.

பிறகு ஐரோப்பியர்கள். 1672இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இலங்கைக்கு வந்தவர் பால் ஹெர்மன். அங்கே ஊர் ஊராகச் செடி சேகரித்து, திரும்பிப்போய் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்தப் பல்கலைக்கழகத் தோட்டத்தின் செடிகளுக்கு 1687இல் அவர் வெளியிட்ட பட்டியலில் இந்தச் செடி இருக்கிறது. பெயர், இலங்கையரின் அடதோடா. நம் ஆடாதோடைதான். சிங்களத்திலும் ஏறத்தாழ இதே சொல் வழங்குகிறது. 1753இல் லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது இது ஜஸ்டீசியா அடதோடா ஆயிற்று. ஜஸ்டீசியா என்பது ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞரின் நினைவாக வந்த பெயர். நம் வேலிச் செடியின் அறிவியல் பெயரில் முதல் பாதி ஒரு ஸ்காட்லாந்து ஆணுடையது, மறுபாதி எந்தக் காலத்தில் யார் வாயில் பிறந்தது என்றே தெரியாத நம் ஊர்ச் சொல்.

1888இல் கதை நம் நீலகிரிக்கு வருகிறது. உதகமண்டலத்தில் சென்னை மாகாண அரசின் குயினைன் வேதியியலாளராக இருந்தவர் டேவிட் ஹூப்பர். காய்ச்சலுக்குக் குயினைன் தரும் சிங்கோனா மரப்பட்டைகளைச் சோதிப்பது அவருடைய வேலை. அதற்கிடையில் ஆடாதோடை இலையையும் ஆராய்ந்து, அதிலிருந்த காரப்பொருளைப் பிரித்தெடுத்து வாசிசின் என்று பெயரிட்டார். வில்லியம் டைமாக், வார்டன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய 'பார்மகோகிராபியா இண்டிகா' இன்றும் இந்திய மூலிகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் புரட்டும் நூல்.

1960களில் ஜெர்மனியில் வாசிசினை முன்மாதிரியாக வைத்து புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி மருந்தை உருவாக்கினார்கள். அது உடலுக்குள் போய் மாறும் வடிவங்களில் ஒன்று ஆம்ப்ராக்சால். குழந்தைக்குச் சளி என்று மருந்துக்கடையில் வாங்கும் எத்தனையோ சிரப் புட்டிகளில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்றைப் பார்க்கலாம். ஆச்சியின் வேலிக்கும் அந்தப் புட்டிக்கும் உறவு உண்டு என்று தெரிந்த அன்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. கட்டுரையை அங்கேயே முடித்திருப்பேன்.

*

முடிக்கவிடாமல் தடுத்தது ஒரு பழைய அகராதி. லண்டன் செல்சீ மருத்துவத் தோட்டத்தைப் பல ஆண்டுகள் நிர்வகித்த பிலிப் மில்லர் எழுதிய 'தோட்டக்காரர் அகராதி' 1731இல் முதலில் வந்து, பின் பல பதிப்புகள் கண்டது. அதில் அடதோடா என்ற சொல்லுக்கு விளக்கம் தேடினேன். அது அந்த நாட்டுப் பெயர் என்றும், இறந்துபோன சிசுவை வெளியேற்றுவது என்பது அதன் பொருள் என்றும் எழுதியிருந்தார்.

திரும்பத் திரும்பப் படித்தேன். தமிழ் தெரிந்த எவருக்கும் இது தவறு என்று தெரியும். ஆடாதோடை என்ற சொல்லுக்குள் சிசுவும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. அகராதிப் பிழை என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்தப் பிழை எங்கிருந்து வந்தது?

என் ஊகத்தைச் சொல்கிறேன். தீவில் ஏதோ ஒரு வேலியோரம் யாரோ ஒரு வெள்ளைக்காரர் செடியைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்க வேண்டும். பதில் சொன்னவர் பெயரையும் சொல்லி, எதற்கு ஆகும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். எழுதிக்கொண்டவர் பயனையே பெயரின் பொருளாக எழுதிக்கொண்டார். மொழி தெரியாதவர் செய்யக்கூடிய பிழைதான். ஆனால் அந்தப் பிழைக்குள் ஒரு செய்தி மாட்டிக்கொண்டு ஐரோப்பா வரை போய்விட்டது. இந்தச் செடி கருப்பையைச் சுருங்கவைக்கும் என்று தீவில் யாருக்கோ தெரிந்திருக்கிறது. குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனால், அந்தத் தாய் பிழைக்க என்ன கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் யாராக இருக்க முடியும்? பிரசவ அறைக்குள் போனவர்கள். பெண்கள்.

லின்னேயசின் அதே 1753ஆம் ஆண்டு நூலில், ஜஸ்டீசியா அடதோடாவின் உறவுக்காரச் செடி ஒன்றுக்கு எக்போலியம் என்று பெயர். வெளித்தள்ளுவது, கருவைக் கலைப்பது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆக, தாவரவியலின் முதல் பக்கங்களிலேயே பெண்களின் அந்த அறிவு பதுங்கியிருக்கிறது. பெயராக மட்டும் இருக்கிறது. யாரிடம் கேட்டார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எப்போது கொடுக்கக் கூடாது என்றார்கள் என்பதெல்லாம் கப்பலேறவில்லை.

அப்போதுதான் ஆச்சியின் கேள்வி திரும்பக் காதில் விழுந்தது. முழுகாமக் கிழுகாம இருக்கியா?

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஆடாதோடை குடுக்கதுக்கு முன்னால ஆச்சி ஏம்மா அப்படிக் கேப்பா?"

"அதெல்லாம் எதுக்குட்டி இப்பக் கேக்கே?" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள். "அவ அக்காவுக்குக் கேக்காமக் குடுத்துட்டாங்க."

ஆச்சியின் அக்காவை நான் பார்த்திருக்கிறேன். பெரியாச்சி. எங்கள் ஆச்சி வீட்டிலேயே கடைசிவரை இருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். கணவனும் பிள்ளையும் ஏன் இல்லை என்று கேட்டால் அடி விழும்.

பதினாறு வயதில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். போன இடத்தில் ஐப்பசி மழையில் இருமல் பிடித்திருக்கிறது. மாமியார் நல்ல எண்ணத்தில்தான் ஆடாதோடையை அவித்துக் காலையும் மாலையும் ஒரு வாரம் கொடுத்திருக்கிறாள். பெரியாச்சிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. புது மருமகள், யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. பத்தாம் நாள் உதிரம் போயிற்று. பிள்ளை தங்காத வயிறு என்று பேராகிவிட்டது. இரண்டு வருடம் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

கருச்சிதைவுக்கு எத்தனையோ காரணம் உண்டு. பெரியாச்சிக்கு நேர்ந்ததற்கு அந்தக் கஷாயம்தான் காரணம் என்று இன்று யாரும் நிறுவ முடியாது. வரலாற்று மாணவியாக அதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனால் அந்த வீட்டில் அன்று இரண்டு விளக்கங்கள் இருந்தன. புகுந்த வீட்டாரின் விளக்கத்தில் குற்றம் அவள் வயிற்றில் இருந்தது. ஆச்சியின் விளக்கத்தில் குற்றம் கேட்காமல் விட்டதில் இருந்தது. ஆச்சி அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகள், புறவாசலுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டாள். ஊர்வம்பு என்று நான் நினைத்தது, தன் அக்காவின் மேல் சுமத்தப்பட்ட பழிக்கு ஆச்சி சொல்லிக்கொண்டே இருந்த பதில்.

*

ஆச்சியின் பயத்துக்கு ஆதாரம் உண்டா என்று பார்த்தேன். உண்டு. 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் ஜம்முவிலிருந்த மண்டல ஆராய்ச்சிக்கூடத்தில் சி.கே. அடலும் அவருடன் பணியாற்றியவர்களும் வாசிசினை ஆராய்ந்தார்கள். இருமல் மருந்தாக இல்லை, கருப்பையைச் சுருங்கவைக்கும் பொருளாக. ஹூப்பர் உதகையில் பிரித்தெடுத்த அதே பொருள்தான், மூச்சுக்குழாயைத் தளர்த்தவும் செய்கிறது, கருப்பைத் தசையை இறுக்கவும் செய்கிறது என்பது இன்று மருந்தியல் நூல்களில் இருக்கிறது. கர்ப்பிணிகள் இந்த மூலிகையைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது.

1987இல் உத்தரப் பிரதேசத்தின் லக்னோ, பரூக்காபாத் ஆகிய இடங்களில் பெண்கள் பயன்படுத்தும் நாட்டு மருந்துகளைப் பற்றி ஓர் ஆய்வுக் குழு கேட்டறிந்தது. கருக்கலைப்புக்கு என்று அந்தப் பெண்கள் சொன்ன செடிகளில் ஆடாதோடை இலையும் ஒன்று. ஆய்வாளர்கள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக் கரு கலைந்ததாக எழுதினார்கள். எல்லா ஆய்வுக்கூடங்களிலும் ஒரே முடிவு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையைக் குறிப்பாக வைத்துக்கொண்டு யாரும் எதையும் முயன்றுவிடக் கூடாது. நம்பகமாகக் கலைக்கும் அளவு, உயிருக்கு ஆபத்தில்லாத அளவு என்று எதையும் எந்தச் செடியும் சொல்வதில்லை. பாதி கலைந்தும் கலையாமலும், உதிரம் நிற்காமலும் செத்துப்போன பெண்கள் நம் எல்லோருடைய ஊர்களிலும் இருந்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் உரிமைதான் நமக்கு வேண்டியது, பழைய வேலிகள் அல்ல.

என்னை யோசிக்கவைத்தது வேறொன்று. 1687இல் ஹெர்மனின் பட்டியலில் 'இலங்கையர்'. முந்நூறு ஆண்டுகள் கழித்து எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் 'பெண்கள்'. மற்ற எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர்கள் மட்டும் எப்போதும் பன்மை.

இது மறதியால் மட்டும் நேர்ந்ததில்லை. சட்டமும் அந்த வாய்களை மூடியது. 1860இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்காக அல்லாமல் கருவைக் கலைப்பது குற்றம் என்றது. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அந்தக் குற்றத்துக்குள் வருவாள் என்று விளக்கமும் சேர்த்தது. அதற்குப் பிறகு ஒரு பெண் தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் அது வாக்குமூலம். சித்திரமூல வேரும் எருக்கம்பாலும் வெள்ளைக்கார மருத்துவர்களின் நூல்களில் ஏறிய இடம் நச்சுகளின் அத்தியாயம். அதே காலத்தில் அதே காட்டிலிருந்து ஆண் வைத்தியர்கள் சொன்னது மூலிகை அத்தியாயத்தில் ஏறியது. 1971இல் கருக்கலைப்புச் சட்டம் வந்து மருத்துவர்களுக்கு அனுமதி தந்தது. ஆனால் 312 போகவில்லை. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவாக இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

சுதேச மருத்துவத்தை மீட்டவர்களும் இந்தப் பாதியை மீட்கவில்லை. 1921இல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு மருத்துவ முறைகளை ஆராயக் குழு அமைத்தது. 1923இல் வந்த அறிக்கை சித்த, ஆயுர்வேத, யுனானி முறைகளுக்கு அறிவியல் மதிப்பு உண்டு என்று வாதாடியது. நமக்கு வேண்டிய வாதம்தான். ஆனால் அந்த வாதத்தில் நூலும் கோட்பாடும் உள்ளவை மருத்துவம் ஆயின. நூலில்லாதவை கைவைத்தியமாக வாசலுக்கு வெளியே நின்றன. 1926இல் செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவு செய்யும் சென்னை மாகாணச் சட்டம் வந்தது. பயிற்சியும் சுத்தமும் வந்தன, பெண்கள் பிழைத்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கூடவே, பதிவேட்டில் பெயரில்லாத கிழவிகள் அறியாதவர்கள் ஆனார்கள். அவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு முறை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு அனுப்பியிருக்கலாம்.

வேறு கண்டத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் சுரினாமுக்குப் போய்ப் பூச்சிகளையும் செடிகளையும் வரைந்து 1705இல் நூலாக்கினார். நம் தெருக்களில் அழகுக்கு நிற்கும் மயில்கொன்றையின் விதையைத் தின்று அங்கிருந்த அடிமைப் பெண்கள் கருவைக் கலைத்துக்கொண்டார்கள் என்றும், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாக வேண்டாம் என்பதே காரணம் என்றும் அவர் எழுதிவைத்தார். அந்தச் செடி ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போயிற்று. அந்த அறிவு போகவில்லை. பெண்ணியல் வரலாற்றாசிரியர் லோண்டா ஷீபிங்கர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். எது அறியப்பட்டது என்பதைப் போலவே, எது அறியப்படாமல் விடப்பட்டது என்பதற்கும் வரலாறு உண்டு என்பது அவர் காட்டும் வழி. மெரியன் அதைக் கேட்டு எழுத முடிந்ததற்கு அவர் ஒரு பெண் என்பதும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

*

இதையெல்லாம் எழுதி, ஹெர்மனை நன்றாகத் திட்டி ஒரு பத்தியும் எழுதி முடித்துவிட்டு அம்மாவுக்கு மறுபடி போன் செய்தேன். ஆச்சிக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க மறந்திருந்தேன்.

"மருத்துவச்சிதான். பெரியம்மாவுக்கு உதிரம் போனப்ப அவளத்தான் கூப்பிட்டிருக்காங்க. முழுகாம இருக்கவளுக்கு யாராவது இதக் குடுப்பாவளான்னு சத்தம் போட்டாளாம். அம்மாவும் அப்ப அங்க இருந்தா. அதுக்கப்புறம் எந்தச் சந்தேகம்னாலும் அவகிட்டதான் கேப்பா. எல்லாம் புறவாசல்ல நின்னுதான்."

"அவ பேரு என்னம்மா?"

"மருத்துவச்சிதான்."

"அது சாதிப் பேரும்மா. அவ பேரு?"

நீண்ட நேரம் யோசித்தாள் அம்மா. "எங்க எல்லாரையும் அவதான் பிடிச்சா. உன்னையக்கூட. பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதில்லையே" என்றாள்.

வீட்டுக்குள் அவள் வந்தது பிரசவத்துக்கு மட்டும். மற்ற நாள்களில் புறவாசலில் நின்றாள். அவளுக்கென்று தனியாக ஒரு தட்டு, வேலிக் கம்பில் கவிழ்த்து வைத்திருந்தது. அந்த வேலிதான் ஆடாதோடை. நான் வரலாறு எழுதத் தொடங்கிய செடி. ஹெர்மன் 'இலங்கையர்' என்று எழுதியதற்கும் நாங்கள் 'மருத்துவச்சி' என்று கூப்பிட்டதற்கும் என்ன வித்தியாசம்? அவருக்கு மொழி தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஹெர்மனைத் திட்டிய பத்தியை அடித்துவிட்டேன். ஆச்சியின் அறிவு என்று இந்தக் கட்டுரையில் நான் சொன்னதெல்லாம் அவளுடையது. ஆச்சி அதைக் காப்பாற்றினாள். அதற்கான நன்றி ஆச்சிக்கு. கண்டுபிடித்த பெருமை ஆச்சிக்கு உரியதல்ல.

*

2020இல் கொரோனா வந்தபோது தமிழ்நாடு முழுவதும் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். அதில் சேரும் பதினைந்து சரக்குகளில் ஆடாதோடை இலையும் ஒன்று. எங்கள் குடியிருப்பு வாசலில் அண்டாவில் வைத்து ஊற்றிக் கொடுத்தார்கள். நல்ல மனதோடு செய்த வேலை. வரிசையில் நின்றவர்களில் கீழ் வீட்டுப் பெண்ணும் இருந்தாள். மூன்றாம் மாதம் என்று எங்கள் தளத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊற்றிக் கொடுத்த தம்பி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் டம்ளரை நீட்டியபோது, பின்னால் நின்ற என் அம்மா கையைப் பிடித்து நிறுத்தி, "நீ மொதல்ல உன் டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கோ" என்றாள்.

இப்போது அலைபேசியைத் திறந்தால் பாட்டி வைத்தியம் கொட்டுகிறது. ஆடாதோடை மணப்பாகு நாட்டு மருந்துக் கடையில் புட்டியாக நிற்கிறது. அளவு, அனுபானம், செய்முறை எல்லாம் அழகாகச் சொல்கிறார்கள். பாட்டியின் செய்முறை மட்டும் வந்திருக்கிறது. பாட்டியின் கேள்வி வரவில்லை. கேள்வி இல்லாத செய்முறை பாதி மருந்துதான். பெரியாச்சிக்குக் கொடுக்கப்பட்டதும் அந்தப் பாதிதான்.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டுப் பெரியவர்களிடம் ஏதாவது ஒரு கைவைத்தியத்தைக் கேட்டு எழுதி வாருங்கள். ஆனால் செய்முறையை எழுத வேண்டாம். கொடுப்பதற்கு முன் என்ன கேட்பார்கள் என்பதை எழுதுங்கள். யாரிடம் கற்றார்கள் என்பதையும், அவருடைய சொந்தப் பெயரோடு எழுதுங்கள்.

கேள்விகள் வந்து குவிந்தன. பால் குடுக்கியா? வெறும் வயிறா? ராத்திரி தூங்குனியா? குளிச்சு எத்தன நாள் ஆச்சு? வீட்டுல யாரும் அடிச்சாங்களா? கடைசிக் கேள்வி, வயிற்று வலிக்கு மருந்து கேட்டு வரும் பெண்களிடம் ஒரு மாணவியின் பாட்டி கேட்பது.

பெயர்களின் பத்தி பெரும்பாலும் காலியாக இருந்தது. நாற்பத்திரண்டு தாள்களில் ஆறில்தான் பெயர் இருந்தது. மற்றவர்களிடம் திரும்பப் போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மருத்துவச்சியின் பேத்தி திருநெல்வேலியில் இருக்கிறார் என்று அம்மா விசாரித்துச் சொல்லியிருக்கிறாள். இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகுமுன் அவரைப் பார்த்துவிட நினைத்தேன், முடியவில்லை. அடுத்த மாதம் போகிறேன்.